உமி பிடித்துக்கொண்ட பிறகு

ஓய்வு பெற்ற பிறகும் கல்லூரிக்காரர்கள் என்னை விடுவதாக இல்லை. மாணவர்களின் அறிவியல் கண்காட்சிக்கு நடுவராக வரச் சொல்லி ஆண்டுதோறும் யாராவது கூப்பிடுகிறார்கள். அண்மையில் தஞ்சாவூரில் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். மேசைக்கு மேசை கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் வாழைப்பழத் தோல், அடுத்ததில் முருங்கை விதைத் தூள், அதற்கடுத்து தேங்காய் நார், ஆகாயத்தாமரை வேர், இறால் ஓடு. நெல் உமியை வைத்து மட்டும் பல மேசைகள். எங்கள் பக்கத்தில் உமி இல்லாத கண்காட்சியை நான் பார்த்ததில்லை.

"பட்டறைக் கழிவுத் தண்ணியில இருக்கற குரோமியம், ஈயம் எல்லாத்தையும் இது பிடிச்சுக்கும் மேம். செலவே கிடையாது, இயற்கையான முறை" என்று ஒரு பெண் மூச்சுவிடாமல் சொன்னாள். சோதனையையும் ஒழுங்காகத்தான் செய்திருந்தாள்.

"சரிம்மா. பிடிச்சுக்கிட்ட உமி இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

அவள் மேசைக்கு அடியில் இருந்த குப்பைக் கூடையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. அவளுக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்தத் துறையின் பேராசிரியை ஒரு காலத்தில் எங்கள் ஆய்வகத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர். சாப்பாட்டு நேரத்தில், "மேடம், அந்தப் பட்டறை விஷயத்த நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க. நான் கிளாஸ்ல சொன்னா பயமுறுத்தறதுக்குச் சொல்றேன்னு நெனைக்கறாங்க" என்றார். அதனால் எழுதுகிறேன். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்தக் குடும்பங்கள் இன்றும் அங்கேயே இருக்கின்றன. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

என்னைப் பற்றி நிறைய சொல்ல வேண்டியதில்லை. கீழ்வேளூருக்குப் பக்கத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர்கள். நான் அரசு விடுதியில் தங்கி வேதியியல் படித்தேன். தஞ்சாவூரில் தண்ணீரும் மண்ணும் பரிசோதிக்கும் ஒரு தனியார் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. முதல் சில வருடங்கள் குடுவை கழுவினேன், தராசில் நிறுத்தேன், மாதிரி எடுக்க பஸ் ஏறி இறங்கினேன். கடைசியில் அதே ஆய்வகத்தின் தலைமை வேதியியலராக ஓய்வு பெற்றேன்.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஜெயசீலன் சார். ஒல்லியான மனிதர், பேச்சும் குறைவு. பாட்டில் கழுவுகிற அம்மாவிலிருந்து முதலாளி வரை எல்லோரையும் "வாங்க, சொல்லுங்க" என்றுதான் பேசுவார். மாதிரி எடுக்கப் போகும் இடத்தில் டீ குடிக்கமாட்டார். கேட்டால் வயிறு சரியில்லை என்பார். அவர் வயிறு முப்பது வருடமும் சரியில்லாமல்தான் இருந்தது.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. நல்ல முடிவுகளைத் தபாலில் அனுப்பிவிடுவார். கெட்ட முடிவை மட்டும் நேரில் போய்ச் சொல்வார். ஒருமுறை சீர்காழிப் பக்கம் ஒரு குடும்பத்துக்காகப் போனோம். கையிலிருந்ததையெல்லாம் போட்டு ஆழ்துளைக் கிணறு இறக்கியிருந்தார்கள். தண்ணீர் உப்பு. பயிருக்கும் ஆகாது, குடிக்கவும் ஆகாது. சார் அந்த வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னார். வீட்டுக்காரர் கத்தினார். "உங்க மெஷின் சரியா இருக்குதான்னு எவன் பார்த்தான்?" என்று கேட்டார். சார் பதில் பேசவில்லை, அங்கிருந்து நகரவும் இல்லை. வீட்டுக்காரர் உள்ளே போனார். வெளியே வந்தார். பிறகு தணிந்த குரலில், "மேல்மட்டத்துத் தண்ணி நல்லா இருக்குமாங்க?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் சார் அவரோடு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, பழைய கிணற்றை எப்படித் தூர்வாருவது என்று பேச ஆரம்பித்தார்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் சொன்னார்: "முதல் கேள்வி கோபத்துல வரும்ங்க. அதுக்கு நாம பதில் சொல்ல வேண்டியதில்ல. ரெண்டாவது கேள்வி வரைக்கும் நிக்கணும். அதுதான் நம்மகிட்ட கேக்கற கேள்வி."

பட்டறை விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த ஊரின் கோடியில், பாசன வாய்க்காலை ஒட்டி, வரிசையாகச் சில முலாம் பட்டறைகள் இருந்தன. பாத்திரங்களுக்கும் வண்டிச் சாமான்களுக்கும் நிக்கலும் குரோமும் பூசுகிற இடங்கள். குரோம் தொட்டியில் முக்கி எடுத்த சாமானைத் தண்ணீரில் அலசுவார்கள். அலசிய தண்ணீர் மஞ்சளாக இருக்கும். அது வாய்க்காலில் போய்ச் சேர்ந்தது. கடைமடை வயல்காரர்கள் புகார் செய்தார்கள். அதிகாரிகள் வந்தார்கள். தண்ணீரைச் சரிசெய்யாவிட்டால் பட்டறைகளைப் பூட்டிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பட்டறைக்காரர்கள் சார்பில் எங்களைத் தேடி வந்தவர் சாகுல் பாய். வளைகுடாவில் ஒரு பெரிய முலாம் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்து சொந்தப் பட்டறை போட்டவர். வலது கையின் விரல் மூட்டுகளில் வட்ட வட்டமாகத் தழும்புகள் இருந்தன. பேனா முனையால் குத்தி எடுத்ததுபோல் உள்வாங்கிய குழிகள். குரோம் அமிலம் செய்யும் வேலை அது. தோலில் சின்னக் கீறல் இருந்தால் போதும், அந்த இடம் ஆறாமல் வட்டமாகக் குழிந்துகொண்டே போகும். ஓரம் தடித்திருக்கும். வலி அதிகம் இருக்காது, அதனால் யாரும் ஆரம்பத்தில் கவனிப்பதில்லை.

"பெரிய பிளான்ட் போடறதுக்கு எங்களுக்கு வசதி இல்ல சார். ஆனா வாய்க்கால்ல விடவும் எனக்கு மனசு இல்ல. வேற வழி சொல்லுங்க" என்றார்.

அந்தச் சமயத்தில் நாங்கள் உமியை வைத்துச் சின்ன அளவில் சோதனை செய்துகொண்டிருந்தோம். சார் அந்த வேலையை முழுக்க என்னிடம் கொடுத்தார்.

எப்படிச் செய்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் கேட்பது இதைத்தான். ஆலையிலிருந்து வரும் உமியில் தவிடும் குருணையும் கலந்திருக்கும். முதலில் அதைச் சலித்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரில் ஊறிப் புளித்துக் கூழாகி வழியை அடைத்துவிடும். சலித்த உமியை நன்றாகக் கழுவி, நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து, மறுபடி கழுவிக் காயவைக்க வேண்டும். இப்போது அதன் பொன்னிறம் போய் மங்கிய பழுப்பாகிவிடும். அதை நீல நிறப் பிளாஸ்டிக் பேரல்களில் அழுத்தாமல், தளர்வாகவும் விடாமல் நிரப்ப வேண்டும். கழிவு நீரைக் கொஞ்சம் அமிலமாக்கி மேலிருந்து மெதுவாக விட வேண்டும். வேகமாக விட்டால் தண்ணீர் ஓரமாகத் தனக்கொரு பாதை போட்டுக்கொண்டு உமியைத் தொடாமலே கீழே வந்துவிடும்.

ஒரே பேரல் போதாது. இரண்டை அடுத்தடுத்து வைக்க வேண்டும். முதல் பேரலிலிருந்து வரும் தண்ணீரைத் தினமும் சோதிக்க வேண்டும். ஒரு மருந்து இருக்கிறது. தண்ணீரில் கொஞ்சம் அமிலம் விட்டு அந்த மருந்தைச் சில சொட்டுகள் சேர்த்தால், நஞ்சான வடிவத்தில் குரோமியம் இருந்தால் நாவல்பழச் சாறு கலந்ததுபோல் ஊதா நிறம் வரும். இல்லாவிட்டால் தெளிவாகவே இருக்கும். முதல் பேரலில் ஊதா எட்டிப்பார்த்தால் அந்த உமி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அதை எடுத்துவிட்டு, இரண்டாவதை முதல் இடத்துக்குக் கொண்டுவந்து, புதிய பேரலைக் கடைசியில் வைக்க வேண்டும். வெளியே வரும் தண்ணீரைச் சுண்ணாம்பு போட்டு நடுநிலையாக்கிய பிறகுதான் விட வேண்டும்.

நன்றாக வேலை செய்தது. கடைமடைக்காரர்களில் ஒருவர் ஆய்வகத்துக்கே வந்து, குழாயில் ஊதா வராததைப் பார்த்துவிட்டுப் போனார். அதிகாரிகள் பூட்டுப் பேச்சை விட்டுவிட்டார்கள். வெளியூர்க் கல்லூரிகளிலிருந்து வந்து பேரல்களைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நிறைந்த உமியை என்ன செய்வது என்பது ஒன்றுதான் பாக்கி. மூட்டை கட்டி, கூரைக்குக் கீழே, சிமெண்டுத் தரையில் அடுக்கச் சொல்லியிருந்தோம். அபாயக் கழிவு எடுக்கும் நிறுவனத்துக்குச் சாகுல் பாய் பலமுறை பேசினார். இவ்வளவு கொஞ்சத்துக்கு எங்கள் லாரி அவ்வளவு தூரம் வராது, சேர்ந்தவுடன் சொல்லுங்கள் என்றார்கள். சேர்ந்துகொண்டே இருந்தது. பட்டறையில் நடக்க வழியில்லாமல் மூட்டைகள் அடைத்துக்கொண்டன. நான் போகும்போதெல்லாம், "லாரி என்னாச்சு பாய்?" என்று கேட்பேன். "சொல்லியிருக்கேன் மேடம், சொல்லியிருக்கேன்" என்பார்.

பிறகு ஒருமுறை போனபோது வழி விசாலமாக இருந்தது. லாரி வந்ததா என்றேன். "ஒரு வழி பண்ணியாச்சு மேடம்" என்றார். யாரோ வந்து உதிரிச் சாமான் கேட்டார்கள், அவர் அந்தப் பக்கம் போய்விட்டார்.

அந்த ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலை, சாகுல் பாய் ஆய்வகத்துக்கு வந்தார். முன்பே சொல்லாமல் அவர் வந்ததில்லை. கையில் ஒரு துணிப்பை. அதை என் மேசையில் வைக்காமல் தரையில் வைத்து, உள்ளேயிருந்து செத்துப்போன பிராய்லர் கோழி ஒன்றை எடுத்தார். அதன் பாதத்தை என்னிடம் திருப்பிக் காட்டினார். பக்கத்தில் தன் வலது கையை வைத்தார்.

பாதத்தின் அடியில் வட்டக் குழி. ஓரம் தடித்து, நடுவில் துளை போட்டதுபோல்.

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?" என்றார்.

நடந்தது இதுதான். பட்டறைகளுக்கு அடுத்த தெருவில் மல்லிகா என்ற பெண் இருந்தார். கணவர் இறந்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு ஒரு கம்பெனிக்காகப் பிராய்லர் வளர்த்தார். குஞ்சும் தீவனமும் கம்பெனி தரும். ஷெட், உழைப்பு, தரையில் பரப்பும் உமி எல்லாம் வளர்ப்பவருடையது. முன்பெல்லாம் ஆலைகளில் உமி சுலபமாகக் கிடைக்கும். இப்போது செங்கல் சூளைக்கும் பாய்லருக்கும் போய்விடுகிறது. உமி கிடைக்காமல் மல்லிகா அலைந்திருக்கிறார். பட்டறையில் மூட்டை மூட்டையாக உமி அடுக்கியிருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார். சாகுல் பாய் கொடுத்துவிட்டார். பணம் வாங்கவில்லை.

"புருஷன் இல்லாத பொண்ணு மேடம். குப்பையா கெடக்கறது, அதுக்காவது ஒதவட்டும்னு கொடுத்தேன். உமி பிடிச்சுக்கும்னு சொன்னீங்க. பிடிச்சது விடாதுன்னுதான் நான் நெனச்சேன். அல்லா மேல ஆணையா இது தோணல."

முந்தின நாள் மல்லிகா மறுபடி உமி கேட்டு வந்திருக்கிறார். ஈரத்தில் கோழிகளுக்குக் காலில் புண் வருகிறது, இந்தக் கோழிகள் போனதும் பழைய உமியை மாற்றவேண்டும் என்றிருக்கிறார். இவர் போய்ப் பார்த்திருக்கிறார். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

எனக்கும் கேட்ட மாத்திரத்தில் புரிந்துவிட்டது. உமி குரோமியத்தைப் பிடிப்பது அமிலத்தில். ஒரு பங்கைத் தீங்கு குறைந்த வடிவமாக மாற்றியும் விடும். மிச்சம் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். காரம் பட்டால் ஒட்டியது கழன்றுவிடும். கோழி எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா காரம். அது மழைக்கால ஈரத்தில் உமியோடு ஊறியிருக்கிறது. நாங்கள் வாய்க்காலிலிருந்து எடுத்ததை அந்த ஷெட்டின் தரையில் கொண்டுபோய் விரித்தாகிவிட்டது.

"கோழி எப்ப ஏத்தறாங்க பாய்?"

"இன்னிக்கு சாயங்காலம் வண்டி வருதாம்."

நான் ஜெயசீலன் சார் அறைக்குப் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, மருந்துப் பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். "நானும் வர்றேன். ஆனா சோதனையும் உங்களுது, சொல்லப்போறதும் நீங்கதான்" என்றார்.

நாங்கள் போனபோது கம்பெனி சூப்பர்வைசர் வந்திருந்தார். கூண்டுகளை இறக்கியாகிவிட்டது. மல்லிகா படுதாவைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். சாகுல் பாயைப் பார்த்ததும், "உமி கொண்டாந்தீங்களா பாய்?" என்று கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். சூப்பர்வைசர் சிரித்தார். "மேடம், கால் புண் எல்லா ஷெட்லயும் மழை சீசன்ல வர்றதுதான். கீழ விரிச்ச உமி ஈரமானா அமோனியா சுடும். இதுக்குப் போயி கோழி ஏத்தறத நிறுத்த முடியுங்களா?"

அவர் சொன்னதில் தவறில்லை. ஈர உமியில் கோழிக்குக் கால் வெந்துபோவது சாதாரணம். இரண்டு புண்ணும் பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும். வண்டியை நிறுத்த எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. கறியில் குரோமியம் ஏறியிருக்கிறதா என்று அந்த இடத்தில் என்னால் சொல்லவும் முடியாது. அதற்கு ஆய்வகத்தில் பல நாள் வேலை இருக்கிறது. எனக்குத் தெரிந்ததை மட்டும்தான் நான் காட்ட முடியும்.

பட்டறையிலிருந்து வந்ததில் பிரிக்காத மூட்டை ஒன்று சுவரோரம் மிச்சம் இருந்தது. அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்தேன். பக்கத்து வீட்டில் மாட்டுத் தவிட்டோடு கிடந்த சாதாரண உமியில் ஒரு கைப்பிடி வாங்கினேன். இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு, காரத்துக்காகச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்தேன். ஷெட்டுக்குள் தரையிலிருந்து எடுத்ததை மூன்றாவது கிண்ணத்தில் வைத்தேன். எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஷெட்டுக்குள் கோழிகள் மட்டும் கெக்கெக்கென்றன.

வடிகட்டிக் குழாய்களில் ஊற்றினேன். ஷெட் தரையிலிருந்து எடுத்தது டீ நிறத்தில் இருந்தது. அதில் எந்த நிறம் வந்தாலும் தெரியாது. அதைச் சுத்தமான தண்ணீர் விட்டுப் பலமடங்கு நீர்த்தேன். முதலில் பக்கத்து வீட்டு உமித் தண்ணீரில் அமிலமும் மருந்தும் விட்டேன். ஒன்றும் வரவில்லை. பட்டறை உமித் தண்ணீரில் விட்டேன். விட்ட கணமே ஊதா. ஷெட் தரையிலிருந்து எடுத்ததில் விட்டேன். லேசாக வந்தது. ஆனால் வந்தது. எச்சத்தில் இருக்கும் சாமான்கள் அந்த நிறத்தை வேகமாக அழித்துவிடும். அதனால் குழாயை உடனே மல்லிகாவின் கையில் கொடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன்.

பார்த்தார். பிறகு சாகுல் பாய் பக்கம் திரும்பினார்.

"தெரிஞ்சுதான் கொடுத்தீங்களா பாய்?"

"இல்ல மல்லிகா."

"விஷம்னு தெரியாம, மூட்டையா கட்டி, கூரைக்குள்ள அடுக்கி வச்சிருந்தீங்களா? கேட்டதுக்கு அள்ளிக் கொடுத்தீங்களே, எனக்குன்னா எது வேணா ஆகலாமா?"

மல்லிகா என்னிடம் திரும்பினார். "நீங்கதானே இந்த உமி வேலைய ஆரம்பிச்சு வச்சவங்க? பேப்பர்லகூடப் போட்டோ வந்துச்சே. பக்கத்துத் தெருவுல நாங்க இருக்கோமேன்னு ஒரு வார்த்த வந்து சொல்ல ஆள் இல்லையா?"

என்னிடம் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. கூரைக்குக் கீழே வைக்கச் சொன்னோம், லாரிக்குச் சொன்னோம், அது இது என்று. எதையும் சொல்லவில்லை. ஜெயசீலன் சார் வேலியோரம் நின்றிருந்தார். நின்றுகொண்டிருந்தோம். மழைத் தூறல் போட்டது. கூண்டு இறக்கியவர்கள் ஓரமாகப் போய் ஒதுங்கினார்கள். சூப்பர்வைசர் போனில் யாரிடமோ பேசிவிட்டு வந்து, "ஏத்தச் சொல்லிட்டாங்க" என்றார்.

மல்லிகா குழாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஊதா மங்கிவிட்டிருந்தது.

"இந்தக் கோழி எங்கெல்லாம் போகும் தம்பி?" என்று சூப்பர்வைசரைக் கேட்டார்.

"கும்பகோணம், மாயவரம், எல்லா எடத்துக்கும்தான்."

பிறகு என்னிடம்: "சாப்பிட்டா என்ன ஆகும்ங்க?"

"கறியில எவ்வளவு ஏறியிருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா. கொஞ்சமா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இப்ப சொல்ல முடியாது."

"நீங்க வாங்குவீங்களா?"

"மாட்டேன்."

அவர் ஷெட்டுக் கதவை இழுத்துச் சாத்தினார். நாதாங்கியைப் போட்டு, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, கதவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். "நான் ஏத்த மாட்டேன். கம்பெனில என்ன வேணா சொல்லிக்கட்டும்."

சூப்பர்வைசர் கெஞ்சினார், அப்புறம் மிரட்டினார். இந்தக் கோழி உங்களுடையதே இல்லை, கம்பெனியுடையது என்றார். அது உண்மைதான். ஆனால் ஷெட் அவருடையது. சாகுல் பாய் போய் அந்தக் கதவுக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, நின்றுகொண்டார். மல்லிகா அவரைப் போகச் சொல்லவுமில்லை, நிமிர்ந்து பார்க்கவுமில்லை. வெகுநேரம் நின்றுவிட்டு வண்டி காலிக் கூண்டுகளோடு திரும்பியது.

மறுநாள் கம்பெனியின் கால்நடை மருத்துவர் வந்தார். பாதங்களைப் பார்த்தார், எங்கள் முடிவுகளைப் படித்தார், நிறுத்தியது சரி என்றார். கறியும் ஈரலும் எடுத்துப்போய்ச் சோதித்தோம். ஈரலில் இருந்தது. கோழிகளை ஆழமான குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். ஷெட் தரையைச் சுரண்டி எடுத்தோம். அதற்கு முன் ஷெட்டிலிருந்து வாரிய ஈர உமியை எருவாக யாருக்குக் கொடுத்தார் என்று மல்லிகாவிடம் கேட்டு, ஒரு கத்தரித் தோட்டத்தின் மேல்மண்ணையும் அள்ளினோம். கம்பெனி மல்லிகாவுக்கு அப்புறம் குஞ்சு இறக்கவில்லை. பிடிவாதக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அதிகாரிகளுக்கு அறிக்கை எழுத வேண்டியிருந்தது. சாகுல் பாய் ஆய்வகத்துக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். மற்ற பட்டறைக்காரர்கள் அவர்மேல் கோபமாக இருந்தார்கள். செத்த கோழியை ஆய்வகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது யார் என்று கேட்டார்களாம்.

"மேடம், இத எழுதாம இருக்க முடியுமா? எனக்காகக் கேக்கல. அங்க வேலை பாக்கற குடும்பங்க இருக்கு" என்றார்.

ஜெயசீலன் சார் அறையிலிருந்து வெளியே வந்தார். "பாய், நீங்க கோழியக் கொண்டாராம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. நீங்க செஞ்சதையும் சேர்த்துத்தான் எழுதப்போறோம். எழுதினது உங்களுக்குச் சரியா இருக்கான்னு படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார்.

சாகுல் பாய் படித்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, "தெரியாமல் கொடுத்தார்னு போட்டிருக்கீங்க. கேக்காம கொடுத்தார்னு போடுங்க. உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கேக்கல" என்றார். அப்படியே திருத்தினேன்.

பட்டறைகளைப் பூட்டினார்கள். திறக்க அடுத்த நடவுக் காலம் ஆகிவிட்டது. அதற்குள் நாங்கள் முறையைத் திருத்தியிருந்தோம். நிறைந்த உமியைக் காரம் விட்டு அலசி, கழன்று வரும் குரோமியத்தைத் தனியாக வண்டலாக்கி எடுத்தோம். அலசிய உமியை மறுபடி அமிலத்தில் நனைத்துப் பேரலில் போட்டோம். அப்படிச் சில முறை போட்டால் உமி நைந்துவிடும். நைந்ததையும் வண்டலையும் என்ன செய்வது? உமியாக இருக்கும்வரை யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சிமெண்டில் குழைத்துக் கல்லாக்கிவிடலாம் என்றேன்.

"கல்லா போட்டா, வீட்டு வாசப்படிக்கு வேணும்னு வருவாங்க மேடம்" என்றார் சாகுல் பாய். அவர் சொன்னது சரி. அதனால் இரும்பு டிரம்முக்குள்ளேயே சிமெண்டைக் குழைத்து ஊற்றி மூடினோம். எல்லாப் பட்டறைகளும் சேர்ந்து ஒரே இடத்தில் டிரம்களைப் பூட்டி வைத்தார்கள். லாரி நிறையும் அளவுக்குச் சேர்ந்ததும் கழிவு நிறுவனம் வந்து எடுத்துப்போனது. முதல் லாரி கிளம்பும் வரை நானும் அங்கேதான் இருந்தேன்.

அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. சாகுல் பாய் மல்லிகா வீட்டுக்குப் போனார். கோழி ஷெட் சும்மா கிடந்தது. கோழிகளுக்கான நஷ்டத்தை இருவரும் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். அது எனக்குச் சம்பந்தமில்லாதது. வேலைக்கு வருகிறாயா என்று கேட்டிருக்கிறார். மல்லிகா கதவைச் சாத்திவிட்டாராம். மறுபடி போனார். மறுபடியும் சாத்தினார். மூன்றாவது முறை மல்லிகா அவரை வாசலில் நிறுத்திவைத்து, "சாவி யாருகிட்ட இருக்கும்?" என்று கேட்டிருக்கிறார்.

"உன்கிட்ட."

"உங்ககிட்ட இன்னொண்ணு?"

"கிடையாது."

மறுநாளிலிருந்து வேலைக்கு வந்தார். பேரல் மாற்றுவதையும் சோதனை செய்வதையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சில வருடங்களில் ஜெயசீலன் சார் ஓய்வு பெற்றார், பிறகு காலமானார். நான் அந்தப் பட்டறைகளுக்குப் போய்வந்துகொண்டே இருந்தேன். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த சாகுல் பாயின் மருமகன் ஒருமுறை மாட்டுக் கொட்டகைக்கு ரெண்டு மூட்டை நைந்த உமி கேட்டுவிட்டு, மல்லிகாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனார். சாகுல் பாய் இதை என்னிடம் பெருமையாகச் சொன்னார். நோன்பு மாதத்தில் அவர் வீட்டிலிருந்து எல்லோருக்கும் கஞ்சி வரும். மல்லிகாவுக்கும் வரும். அவர் அதைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடுவார்.

இதை எழுதுவதற்கு முன் அனுமதி கேட்க இருவரிடமும் போனேன். சாகுல் பாய்க்கு வயதாகிவிட்டது, காது மந்தம். "எழுதுங்க, எழுதுங்க" என்று கையசைத்தார். மல்லிகா டிரம் வரிசைக்கு நடுவில் நின்று, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"எழுதிக்கங்க மேடம். ஆனா கடைசியில, அந்தம்மா அவர மன்னிச்சுட்டாங்கன்னு மட்டும் எழுதிடாதீங்க. எல்லாரும் அப்படித்தான் முடிப்பாங்க."

"சரி. வேற என்ன எழுதணும்?"

யோசித்தார். இடுப்பில் செருகியிருந்ததைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சாவி என்கிட்ட இருக்குன்னு எழுதுங்க."